ரயில் 'ஸ்பிரிண்ட்' செய்யாது

'ரன்ஸ்' என்ற சொல்லுக்குப் பதில் வேறு சொல் போட்டு உங்கள் மகள் எழுதிய 'தி ட்ரெயின் ஸ்பிரிண்ட்ஸ் டெய்லி ஃப்ரம் செங்கோட்டை டு புனலூர்' தவறுதான், ஆசிரியர் சுழித்தது சரி. அங்கே 'ரன்ஸ்' என்றே விடலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 'ஆபரேட்ஸ்'.

'ரன்'னுக்கு நேரே ஸ்பிரிண்ட், ஜாக், டாஷ் என்று போட்டிருக்கும் இணைச்சொல் பட்டியலிலிருந்து எடுத்திருப்பாள். அவையெல்லாம் காலால் ஓடுவதற்கு மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கே 645 பொருள் கணக்கிட்டிருக்கிறார்கள். பட்டியல் பாவம், என்ன செய்யும்!

முதலில் ஓடுவது எது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

1. ஆளோ நாயோ என்றால் பட்டியல் சரி.

2. தென்மலைப் பக்கம் சாலை மலைக்குள் 'ரன்ஸ்' என்றால் 'கோஸ்' அல்லது 'பாஸஸ்'. ஆற்றுத் தண்ணீருக்கு 'ஃப்ளோஸ்'.

3. கடை என்றால் கொஞ்சம் கவனம். 'மாமா ஆரியங்காவில் டீக்கடை ரன்ஸ்' என்பதை 'மேனேஜஸ்' ஆக்கினால், வேறு யாரோ முதலாளி, மாமா சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறார் என்று கூடத் தோன்றும். அதை மாற்றாமல் விடுவதே நல்லது.

அப்புறம் ஒன்று: பின்னால் 'அவுட் ஆஃப்', 'இன்டு' ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. 'ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்' என்றால் பெட்ரோல் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். அதை முழுத் தொடராகவே படிக்க வேண்டும். தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் 'ஸ்டாண்ட்'. நம் பள்ளிகளில் இரண்டாவதை எழுதுவது பாதுகாப்பு.