அந்தக் கொட்டாவியைக் கவனியுங்கள்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் ஏழு வயது மகன் ஆறு மாதமாக ஒரு மையத்தில் லாப்ரடார் நாயோடு பயிற்சி பெறுகிறான். அவன் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தையே அதன் பெயர்தான். இப்போதெல்லாம் அவன் கட்டிப்பிடித்தால் நாய் முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விடுகிறது. நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வருமா? யூடியூப் பார்த்து, அலர்ஜி வராமலிருக்க செட்ரிசின் கொடுத்து அனுப்புகிறேன். பயிற்சியை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் பேச்சு போய்விடுமா?

பதில்: முடியால் கட்டி வராது அம்மா. நாய்க்கு முறையாக வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பையன் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். செட்ரிசினை இன்றே நிறுத்துங்கள். இளைப்போ தடிப்போ இல்லாத பிள்ளைக்கு எதற்கு அது? தூங்கி வழிந்துகொண்டு என்ன கற்பான்?

எனக்குக் கவலை தருவது அந்தக் கொட்டாவிதான். நாய் தூக்கத்தில் மட்டும் கொட்டாவி விடுவதில்லை. மனசு தாங்காதபோதும் விடும். உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அதையும் மீறிப் பிடித்தால் உடம்பு விறைத்து அப்படியே நிற்கும். அந்த நொடியில் பையனை மெதுவாக விலக்கிவிடுங்கள். அடுத்தது உறுமல், கடி. உறுமினால் அதட்டக் கூடாது. அதட்டு வாங்கிப் பழகிய நாய் உறுமாமலே கடிக்கும்.

ஒரு மையத்தில் பார்த்தேன். நான்கு பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஐந்தாவது பிள்ளை வந்ததும் நாய் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். எனக்குப் பதறிவிட்டது. உங்கள் மையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள், நடுவில் ஓய்வு உண்டா, அது ஒதுங்கிப் படுக்க இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கால்நடை மருத்துவரும் பார்க்கட்டும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு வலியும் காதுப்புண்ணும் சகஜம். வலிக்கிற இடத்தில் கட்டிப்பிடித்தால் யார் பொறுப்பார்கள்?

பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

பேச்சு போகாது. குழந்தைகள் மனநல நிபுணர் போரிஸ் லெவின்சன் 1962இல் எழுதியதைக் கேளுங்கள்: யாரிடமும் ஒட்டாத சிறுவன் முதலில் அவருடைய நாயிடம் ஒட்டினான், பிறகு அவரிடமும். பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள். நாய்க்குச் சில வாரம் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் கட்டிப்பிடிக்க வேண்டாம். பையன் அதன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றட்டும், கையை நீட்டிக் காத்திருக்கட்டும். வந்தால் தடவலாம். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.