பாதுகாப்பான கார் வாங்குங்கள், பழைய கடனை அதில் ஏற்றாதீர்கள்

கேள்வி: மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுவது எங்கள் வழக்கம். இப்போது இருப்பது இரண்டாவது கார். ஆறு ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுப்பது), ஈஎஸ்சி (வண்டி வழுக்கித் தடுமாறாமல் காப்பது) எல்லாம் இருக்கிறது. வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம், கடனில் இன்னும் 4 வருடம் பாக்கி. "பிள்ளைகள் போகிற வண்டி, உயிருக்கு விலை பார்ப்பீங்களா? எலக்ட்ரிக் என்றால் பூமிக்கும் நல்லது" என்று மச்சான் விடாமல் சொல்கிறார். ஷோரூமில் பழைய கடன் பாக்கியைப் புதுக் கடனிலேயே சேர்த்துக்கொள்வார்களாம், எலக்ட்ரிக் காருக்குத் தரும் பசுமைக் கடன் என்பதால் வட்டியும் அரை சதவீதம் குறைவாம். முன்பணம் கட்டிவிட்டோம். அதற்கப்புறம்தான் பயம் வந்திருக்கிறது. சரியாகத்தான் செய்கிறோமா?

பதில்: இல்லை. எலக்ட்ரிக்கா பெட்ரோலா, இந்த மாடலா அந்த மாடலா என்பதெல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது "சேர்த்துக்கொள்வார்களாம்" என்ற ஒரு வார்த்தைதான். போன முறையும் அப்படித்தான் சேர்த்திருக்கிறீர்கள் என்பது நீங்கள் அனுப்பிய தொகைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

தொகையை அப்படியே எழுதாமல், முதல் கார் விலை 100 என்று வைத்துக்கொள்கிறேன். முழுக்கக் கடன், 10 சதவீத வட்டி, 7 வருடம். மாதத் தவணை சுமார் 1.66. மூன்று வருடத்தில் 60 கட்டியிருப்பீர்கள், அசலில் குறைந்தது 35கூட இல்லை, பாக்கி 65. காரை 55க்கு எடுத்துக்கொண்டார்கள். துண்டு விழுந்த 10ஐ அடுத்த கடனில் போட்டார்கள். அதனால்தான் 120 விலையுள்ள இரண்டாவது காருக்கு 130 கடன். இப்போது அதிலும் மூன்று வருடம் ஓடிவிட்டது, பாக்கி 85, கார் 66க்குப் போகும், துண்டு 19. புதுக் கார் 140, கடன் 159. மூன்று வருடம் கழித்து நான்காவது கார் வாங்கும்போது இந்தத் துண்டு எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், நான் போடவில்லை.

பசுமைக் கடனின் அரை சதவீதச் சலுகையால் ஏழு வருடத்தில் மிச்சமாவது மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே விற்றுவிட்ட காருக்காகப் புதுக் கடனில் ஏறும் அந்த 19க்கு வட்டியோடு கட்டப்போவது 26. எதற்குப் பெயர் பசுமை என்று எனக்குப் புரியவில்லை.

பாதுகாப்பு என்று பேசுகிறீர்களே, அதற்கு வருகிறேன். புதுக் கார் வாங்கி ஒரு வருடத்தில் பெரிய விபத்தில் மொத்தமாகப் போய்விட்டது என்று வையுங்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏர்பேக் எல்லாம் வேலை செய்தது. காப்பீட்டு நிறுவனம் பொதுவாகத் தருவது காரின் அன்றைய மதிப்பை, உங்கள் கடனை அல்ல. மதிப்பு 20 சதவீதம் இறங்கியிருந்தால் 112 கிடைக்கும், கடன் பாக்கி 142 இருக்கும். கார் இருக்காது, 30 கடன் இருக்கும். இந்த இடைவெளிக்கென்றே தனியாக ஒரு காப்பீடு விற்பார்கள், அதையும் தவணையில் சேர்த்துவிடுவார்கள்.

மச்சான் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். தானாக பிரேக் போடும் வசதி வெறும் அலங்காரம் இல்லை. பின்னாலிருந்து போய் இடிக்கும் விபத்துகளை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) கண்டிருக்கிறது. ஆனால் இந்த வசதிகள் எப்படிப் பரவுகின்றன என்று பாருங்கள். ஏபிஎஸ் 1978ல் மெர்சிடஸின் விலை உயர்ந்த காரில், அதுவும் கூடுதல் காசுக்குத்தான் வந்தது. ஈஎஸ்சி 1995ல் வந்தது, 2014 முடிவதற்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். தானியங்கி பிரேக்கும் அங்கே 2024 ஜூலையிலிருந்து கட்டாயமாகிவிட்டது. இன்றைக்கு உச்ச மாடலில் மட்டும் இருப்பது நாலைந்து வருடத்தில் நடுத்தர மாடலுக்கு வர நிறைய வாய்ப்பு உண்டு, அவசரப்படுகிறவர்தான் கூடுதல் காசு கொடுக்கிறார். இத்தனைக்கும் முன் இருக்கையில் இருப்பவரின் மரண ஆபத்தைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைக்கும் மூன்று முனை சீட் பெல்ட் 1959லேயே வால்வோ கார்களில் வந்துவிட்டது, அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ திறந்தும் விட்டது. பின் இருக்கையில் உங்கள் பிள்ளைகள் பெல்ட் போடுகிறார்களா என்று மச்சான் என்றைக்காவது கேட்டாரா?

இன்னொன்று, ஷோரூமில் யாரும் வாயைத் திறக்காத செலவு. தானாக பிரேக் போடும் வசதிக்காக பம்பருக்குள் ராடார், முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா என்று வைத்திருப்பார்கள். கண்ணாடியில் விரிசல் விட்டு மாற்றினால் அதோடு முடியாது, கேமராவைத் திரும்ப அளந்து சரிப்படுத்த வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். காப்பீட்டுத் தொகையும் அதற்கேற்ப ஏறலாம். நீங்கள் எழுதிய பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பூமி விஷயத்துக்கு வருவோம். எலக்ட்ரிக் காரைத் தயாரிக்கும்போது, முக்கியமாக பேட்டரியால், அதே அளவு பெட்ரோல் காரைவிட அதிகக் கார்பன் வெளியாகிறது. ஓட்ட ஓட்டத்தான் அது ஈடாகும். நிறைய ஓட்டுகிறவருக்குச் சீக்கிரம் ஈடாகும், மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் தாமதமாகும். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மூன்றே வருடத்தில் அதையும் மாற்றப்போகிற உங்களைப் போன்றவர்களுக்கு இந்த வாதம் பொருந்துவது கஷ்டம். உங்கள் பழைய காரும் மாயமாகிவிடாது, வேறொருவர் ஓட்டுவார். விளம்பரத்தில் இருக்கும் பச்சை இலையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். சுத்தமான டீசல் என்று நம்பி மக்கள் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் கார்களில், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது 2015ல் வெளிவந்தது. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்.

சரி, என்ன செய்வது? இந்தக் காரையே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய தவணை 2.16, புதுக் கடனுக்கு 2.6 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதே 2.6ஐ இந்தக் கடனுக்குக் கட்டுங்கள் (முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு). நாலு வருடக் கடன் சுமார் ஒன்பது மாதம் முன்னதாக முடியும். அதற்கு மேல் இன்னொரு நாலு வருடம் காரை ஓட்டிக்கொண்டு, அதே 2.6ஐ மாதாமாதம் சேர்த்தால் வட்டி இல்லாமலே 125 கையில் நிற்கும். அப்போது எலக்ட்ரிக் வாங்குங்கள், நானே வாழ்த்துகிறேன்.

பாதுகாப்புக்கென்று இன்றே செலவு செய்ய ஆசை இருந்தால் நல்ல டயர், பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற இருக்கை, மாதம் ஒருமுறை டயர் காற்று. காற்று சரியாக இருந்தால் எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். அப்புறம் காரின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைக்கப்பட்ட பாகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக்குகள் கோடிக்கணக்கில் அப்படி அழைக்கப்பட்டன, பெரும்பாலும் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

முன்பணத்தைப் பற்றி: பதிவுப் படிவத்தில் ரத்து விதி எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள், இந்த வாரமே எழுத்தில் ரத்து கேளுங்கள், போனில் சொன்னால் போதாது. கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள் என்றால் கொடுத்துவிட்டு வாருங்கள், அது 19 ஆக இருக்காது. மச்சான் கேட்டால் அந்த 159க்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.