கடனுக்கு மிளகு வாங்கிய ராஜா

அன்புள்ள அக்கா,

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னர் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். அவர் தலை போனதற்குக் காரணம் பணமா, மதமா? 'மதம் வெறும் போர்வை, உள்ளே இருந்தது கஜானாப் பஞ்சம்தான்' என்று கட்டுரையை முடித்திருக்கிறேன். சரிதானா? அவரை எதிர்த்துப் படை நடத்திய கிராம்வெல்லை ஜனநாயகவாதி என்று சொல்லலாமா? இதற்கு ஒரே ஒரு புத்தகம் படிப்பதென்றால் எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகன்
(பெயர் போட வேண்டாம், எங்கள் பேராசிரியரும் உங்களை வாசிக்கிறார்)

அன்புள்ள தம்பி,

ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டுக் கட்டுரை எழுதப் போகிறவருக்கு நான் எந்தப் புத்தகத்தையும் சொல்வதாக இல்லை. கிராம்வெல் இருக்கட்டும். உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் அப்பாவின் பழைய பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் 'நன்றாகப் படியுங்கள்' என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பேன்.

முதலில் அந்தப் போர்வை. இந்தச் சொல்லை எங்கே பிடித்தீர்கள்? 1637 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் செயின்ட் கைல்ஸ் தேவாலயம். அந்த நாட்டுக்கும் சார்லஸ்தான் ராஜா. ராஜா அனுப்பிய புதிய ஜெபப் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பிக்கிறார்கள், கத்தோலிக்க வாடை அடிக்கிறது என்று கூட்டத்தில் இருந்த பெண்கள் கூச்சல் போடுகிறார்கள், முக்காலி பறக்கிறது. எறிந்தவள் ஜென்னி கெட்டஸ் என்று ஒரு கதை உண்டு, பெயர் பிற்பாடு வந்தது, அதை விடுங்கள். அந்த அம்மாவுக்கு லண்டன் கஜானாவைப் பற்றி என்ன கவலை? அதற்கு மூன்று வாரம் முன்னால்தான், ஜூன் 30 அன்று, பிஷப்புகளைத் திட்டி எழுதினார்கள் என்று ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வைத்தியர் மூன்று பேருக்கும் லண்டனில் எல்லோரும் பார்க்கக் காதை அறுத்தார்கள். வக்கீல் வில்லியம் ப்ரின்னுக்கு அது இரண்டாம் தடவை. 1634-இல் அறுத்தது போக மிச்சம் இருந்ததை இப்போது எடுத்தார்கள், கன்னத்தில் சூடும் போட்டார்கள். அறுபட்ட காதோடு நிற்கிறவரிடம் போய் 'ஐயா, நீங்கள் போர்த்தியிருப்பது வெறும் போர்வை' என்று சொல்லிப் பாருங்களேன். இருபத்து மூன்று வயதில் எல்லாவற்றுக்கும் உள்ளே பணம்தான் இருக்கிறது என்று சொல்வது புத்திசாலித்தனம் போலத் தெரியும். எனக்கும் அப்படித் தெரிந்தது.

உடனே கட்டுரையைத் திருப்பிப் போட்டு மதம்தான் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வருஷங்களில் ஒரு சோப்பு வந்தது தெரியுமா? சோப்புத் தயாரிக்கும் ஏகபோக உரிமையை ராஜா ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார், டன்னுக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. நாடோ புராட்டஸ்டண்ட் நாடு, கம்பெனியில் சில கத்தோலிக்கர்கள் இருந்ததால் ஊர் அதற்கு 'போப் சோப்பு' என்று பெயர் வைத்துவிட்டது. நல்ல சோப்புதான் என்று நிரூபிக்க சலவைக்காரப் பெண்களைக் கூட்டி வந்து எல்லோர் முன்னாலும் துவைத்துக் காட்டச் சொன்னார்கள். இதில் பணம் எது, மதம் எது, நீங்கள் பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

எனக்குச் சோப்பைவிட மிளகுதான் முக்கியம். 1629-இல் பார்லிமெண்டைக் கலைத்துவிட்டுப் பதினோரு வருஷம் அது இல்லாமலே ஓட்டியவர் சார்லஸ். கடற்படைச் செலவுக்கென்று துறைமுக ஊர்களுக்கு மட்டும் இருந்த கப்பல் வரியை 1635-இல் நாடு முழுக்க விரித்தார். முதலில் நன்றாகவே வசூலானது. ஜனங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. ஜான் ஹாம்ப்டன் பெரிய நிலக்காரர், 20 ஷில்லிங் கட்ட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனார், 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம். முக்காலி எறிந்த ஸ்காட்லாந்தோடு சண்டை வந்தபோதுதான் ராஜா மாட்டிக்கொண்டார். 1640 ஏப்ரலில் வேறு வழியின்றிப் பார்லிமெண்டைக் கூட்டினார். 'கப்பல் வரியை விட்டுவிடுகிறேன், பதிலுக்குப் பணம் கொடுங்கள்' என்றுகூடக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை, மூன்றே வாரத்தில் கலைத்தார். ஜூலையில், லண்டன் டவர் நாணயச்சாலையில் வியாபாரிகள் வைத்திருந்த வெள்ளியில் கை வைத்தார். 40,000 பவுண்ட் கடனாகக் கிடைத்த பிறகுதான் விட்டார். ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் படை எல்லை தாண்டி வருகிறது. அந்த நெருக்கடியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கில் இருந்த மிளகு முழுவதையும் ராஜா வாங்குகிறார். பவுண்டு எடை 2 ஷில்லிங் 1 பென்னி, எல்லாம் கடன், மொத்தம் ஏறக்குறைய 63,000 பவுண்ட். வாங்கின கையோடு 1 ஷில்லிங் 8 பென்னிக்கு ரொக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார். கையில் வந்தது 50,000 சொச்சம். கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி வருஷக்கணக்காக இழுத்தது. அதே கம்பெனியின் ஆட்கள் அதே 1640-இல்தான் நம் மெட்ராஸ் கடற்கரையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கோட்டைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று லண்டன் முதலாளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே லண்டனில் கிடங்கையே ராஜா காலி பண்ணிவிட்டார்.

கடனுக்குச் சரக்கெடுத்து, நட்டத்துக்கு விற்று, ரொக்கம் பண்ணுவது. தம்பி, இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விருதுநகரில் எங்களுக்கு மளிகைக்கடை. என் சித்தப்பா ஒருவர், தங்கமான மனுஷர், எங்களுக்கெல்லாம் சேவு வாங்கித் தருவார், ஒரு தீபாவளிக்கு முன்னால் ஒரு மண்டியில் நாற்பது மூட்டை மிளகாய் வற்றலை ஒரு மாதத் தவணையில் எடுத்தார். சாயங்காலமே லாரி ஏற்றிப் பக்கத்து ஊரில் மூட்டைக்கு இவ்வளவு என்று குறைத்துக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட. இரண்டு நாளில் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றாலும் யாரும் சரக்குப் போடவில்லை. பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளலாமே, என்ன பயம் என்று நான் அப்பாவிடம் கேட்டேன். 'அவன் இப்ப என்ன சொன்னாலும் பின்னாடி வேற ஒண்ணு இருக்கும்னு தோணுது' என்றார் அப்பா. சொந்தத் தம்பியைப் பற்றி.

சார்லஸின் கதையும் இதுதான், கடனுக்கும் ஜெபத்துக்கும் சேர்த்து. 1624-இல், இளவரசராக இருக்கும்போதே, தன் கல்யாணத்தால் கத்தோலிக்கர்களுக்குச் சலுகை எதுவும் வராது என்று பார்லிமெண்டுக்கு வாக்குக் கொடுத்தார். அதே வருஷ முடிவில் பிரான்சு ராஜாவின் தங்கையைக் கட்டுவதற்காக அந்தச் சலுகையை ரகசியமாக எழுதியும் கொடுத்தாயிற்று. 1628-இல் பார்லிமெண்டின் சம்மதமில்லாமல் வரி இல்லை என்ற மனுவை ஒப்புக்கொண்டார், ஆறு வருஷத்தில் கப்பல் வரி. 'ராஜா நம்மைப் போப்பிடம் விற்றுவிடுவார்' என்று பயந்தவரும், 'ராஜா நம் பையில் கை விடுவார்' என்று பயந்தவரும் ஒரே ஆள், அந்த ஒரே ஆள்தான் பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காரணத்தை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ள அவசியம் இருக்கவில்லை. உங்கள் கேள்வித்தாளுக்குத்தான் இருக்கிறது.

பேரேட்டில் சித்தப்பாவின் பக்கத்தை நேற்று பார்த்தேன். மண்டிக்காரருக்கு அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறார், நாலு வருஷம், எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வரவுப் பக்கம் சித்தப்பா பெயருக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை. கணக்கை முடித்துக் கோடும் கிழிக்கவில்லை.

கிராம்வெல் மேல் எனக்கு அயர்லாந்து விஷயத்தில் தீராத கோபம், அதை இன்னொரு கடிதத்தில் கேளுங்கள். கட்டுரையை வாசிப்பதற்கு முன் எனக்கு அனுப்பி வையுங்கள், அந்தப் போர்வையை மட்டும் எடுத்துவிட்டு.

அன்புடன்,
அக்கா