சுற்றுலா விசாவில் அழைத்துப்போகும் பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். துபாயில் வேலை பார்த்துவந்த என் கணவர் இப்போது ஹெச்-1பி என்னும் வேலை விசாவில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு மாறியிருக்கிறார். எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும், அந்த விசாக்காரரின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசா நேர்காணலுக்குச் சென்னையில் பல மாதங்கள் தள்ளித்தான் தேதி கிடைத்திருக்கிறது. முன்பு எடுத்த பத்தாண்டுச் சுற்றுலா விசா மூவருக்கும் கையில் இருப்பதால், அதில் வந்து ஆகஸ்டில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தபடியே விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் விசாவையே கேட்க மாட்டார்கள் என்கிறார் கொழுந்தனார். மகள் இங்கே அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. மகன் இரண்டாம் வகுப்பு. இப்போதே டி.சி. வாங்கிவிடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கொழுந்தனார் சொல்வது உண்மைதான், ஆனாலும் உங்கள் கணவரின் திட்டப்படி புறப்படாதீர்கள், டி.சி.யையும் இப்போது வாங்காதீர்கள். பள்ளி ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது ஒரு சட்டத்தின்படி. அந்தப் பிள்ளை படிக்க விசா இடம் கொடுப்பது வேறொரு சட்டத்தின்படி. முதலாவது நடந்துவிட்டதால் இரண்டாவதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் இடத்தில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

பள்ளியின் பக்கத்தை முதலில் பார்ப்போம். சட்டப்படி நாட்டுக்குள் வராத பிள்ளைகளின் படிப்புக்கு மாநில நிதியைத் தர வேண்டியதில்லை என்று 1975இல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம் அத்தகைய பிள்ளைகளிடம் தலைக்கு 1,000 டாலர் ஆண்டுக் கட்டணம் கேட்க, வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் இலவசப் பொதுப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982 ஜூன் 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. ‘பிளைலர் எதிர் டோ’ என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஹூஸ்டனில் பள்ளி அலுவலகத்துக்குப் போனால், அந்தப் பகுதியில் குடியிருப்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முந்தைய பள்ளியின் மதிப்பெண் விவரம் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டால் அவர்களே மாற்று எண் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். கொழுந்தனார் பார்த்தது இதைத்தான்.

விசாவின் பக்கம் இப்படி இல்லை. சுற்றுலாவுக்கான பி-2 நிலையில் நாட்டுக்குள் வந்தவர் ஒரு பாடத்திட்டத்தில் சேர்ந்தால் அந்த நிலையின் நிபந்தனையை மீறியவர் ஆகிறார் என்று 2002 ஏப்ரல் 12 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க மத்திய அரசு விதி நேராகவே சொல்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ ஏழு வயதுப் பிள்ளைக்கோ அதில் தனி விலக்கு கிடையாது. இதற்கு மேல், நாட்டுக்குள் வந்த 90 நாட்களுக்குள் விசாவின் நோக்கத்துக்குப் பொருந்தாத காரியத்தில் இறங்கியவர், விசா வாங்கும்போதோ நுழையும்போதோ தம் நோக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறார் என்று அனுமானிக்கத் தூதரக அதிகாரிகளுக்கு அவர்களுடைய கையேடு இடம் தருகிறது. அனுமதியின்றி முழுநேரப் படிப்பில் சேர்வது அந்தக் கையேட்டிலேயே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பொய்த்தகவல் என்ற முடிவு ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் அதற்குக் காலாவதி இல்லை. ஹெச்-4 விசாவின்போது தப்பினாலும், பல ஆண்டுகள் கழித்துக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிப் பதிவேட்டின் சேர்க்கைத் தேதியும் நாட்டுக்குள் நுழைந்த தேதியும் ஒரே மேசைக்கு வரக்கூடும்.

உங்கள் கணவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை நம் கரையில் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போனவர்கள் இல்லாத தெரு குறைவு. விசிட்டில் போய், வேலையோ குடும்ப விசாவோ கைகூடியதும் உள்ளேயே ஸ்டேட்டஸ் மாற்றிக்கொள்வது ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்துகொடுக்கும் காரியம். அதற்கு முந்தைய தலைமுறை ஈரானின் கிஷ் தீவுக்குப் போய் விசா மாற்றி வந்ததும் சட்டத்துக்கு உட்பட்டதே. அமெரிக்காவிலோ விசிட்டில் வருகிறவர், திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்பதன் மேல்தான் அந்த விசாவே நிற்கிறது. துபாயில் பலமுறை சரியாக வந்த வழக்கம் என்பதால் ஹூஸ்டனுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

சிக்கல் பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் முன்பே, விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். அபுதாபி வழியாகப் பயணச்சீட்டு எடுத்தால் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரியை அபுதாபி விமான நிலையத்திலேயே சந்திப்பீர்கள். 2014 முதல் அங்கு அந்தச் சோதனை நடக்கிறது. கணவர் ஹெச்-1பியில் இருக்கிறார், ஹெச்-4 நேர்காணலுக்குத் தேதி வாங்கியிருக்கிறது, பிள்ளைகளோடு ஒரு தாய் சுற்றுலா விசாவில் வருகிறார் என்றால், எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த நேரத்தில் கைப்பையில் இருவரின் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் தடுப்பூசி அட்டையும் ஒரே உறையில் இருந்தால், நீங்கள் பதில் சொல்லும் முன்பே அந்த உறை பதில் சொல்லிவிடும். அங்கேயே விசாவை ரத்துசெய்து திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ரத்தான விசா ஒன்று பாஸ்போர்ட்டில் இருக்க, சென்னைத் துணைத்தூதரகத்தில் ஹெச்-4 நேர்காணலில் நிற்பது இப்போதைய காத்திருப்பைவிட மிக மோசமானது.

சரி, உள்ளே போய்விட்டோம், பள்ளியில் சேர்க்காமல், விசா நிலையை மாற்றக் கோரும் ஐ-539 படிவம் போட்டு ஹெச்-4 நிலைக்கு மாறிய பிறகு சேர்க்கிறோம் என்றால்? சட்டம் அந்த வழியை அடைக்கவில்லை. ஆனால் அந்தப் படிவம் நிலுவையில் இருக்கும் வரை பிள்ளைகள் பி-2 நிலையில்தான் இருக்கிறார்கள். விண்ணப்பித்துவிட்ட ரசீது படிக்க அனுமதி ஆகாது. கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக முடிவு பெறும் வசதி இந்த மாற்றத்துக்கு இல்லாததால், மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்க நேரலாம். இப்போதைய நிலையின் நிபந்தனை எதையாவது மீறியிருக்கிறீர்களா என்ற கேள்வியும் அந்தப் படிவத்தில் இருக்கிறது. இடையில் பள்ளியில் சேர்த்திருந்தால், அதற்கு உண்மையான பதில் எழுதினாலும் கெடும், பொய்யான பதில் எழுதினால் இன்னும் கெடும். விசா பத்தாண்டு செல்லும் என்பதை வைத்துத் தங்கும் காலத்தைக் கணக்கிடாதீர்கள்; நுழையும்போது பதிவாகும் ஐ-94இல் உள்ள தேதிதான் கணக்கு, அது வழக்கமாக ஆறு மாதத்துக்கு மேல் போவதில்லை.

நாள் தள்ளிப்போவது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் ஆராயத் தொடங்கியதால் இந்தியாவில் பலரின் நேர்காணல்கள் மாதக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டன. காத்திருந்தால் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு வீணாகுமே என்பது உங்கள் கவலையாக இருந்தால், அது தேவையில்லை. இங்கே ஜூன் மாதத்தைத் தவறவிட்டால் என்ன பாடு என்பதை வைத்து நாம் பதறுகிறோம். அங்கே ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் கல்வியாண்டில் எந்த மாதம் போனாலும், அந்த எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். ஹெச்-4 நிலையில் வரும் பிள்ளை முழுநேரமும் படிக்கலாம், தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை. நவம்பரில் போய்ச் சேர்ந்தாலும் உங்கள் மகள் ஏழாம் வகுப்பில்தான் உட்காருவாள்.

பிள்ளைகளுக்கு மாணவர் விசாவான எஃப்-1 எடுத்துத்தருகிறேன் என்று யாராவது முகவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை அங்குள்ள பொதுப் பள்ளியில் எஃப்-1இல் படிக்க வழியே இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும் மொத்தம் 12 மாதம்தான், அதுவும் முழுச் செலவையும் பள்ளிக்குக் கட்டிய பிறகே.

இடையில் தந்தையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் ஒரு மாதம் போய்வருவதில் தவறில்லை. அது உண்மையான வருகையாக இருக்க வேண்டும்: திரும்பும் பயணச்சீட்டு, இங்கே பள்ளியில் நீடிக்கும் பெயர், கேட்டால் மறைக்காமல் சொல்லும் பதில். ஹெச்-4 நேர்காணல் இருக்கிறது, அதற்குத் திரும்பிவிடுவோம் என்பதே நல்ல பதில். மே மாத விடுமுறையில் போனால் நீச்சல் வகுப்பு, பொது நூலகத்தின் கதை நேரம் போன்ற பொழுதுபோக்குகளுக்குத் தடையில்லை. வகுப்பு ஏற்றமோ மதிப்பெண்ணோ தராதவை அவை.

பிற நாடுகளைப் பற்றியும் இந்தக் கரையிலிருந்து இதே கேள்வி வருவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பார்வையாளராக வரும் பிள்ளை அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் படிக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பார்வையாளர் விசா பொதுவாக மூன்று மாதம் வரையிலான படிப்பை மட்டும் ஏற்கிறது. கனடாவில், தாய் தந்தையரில் ஒருவருக்கு வேலை அல்லது படிப்பு அனுமதி இருந்தால், நாட்டுக்குள் இருக்கும் சிறார் பள்ளியில் படிக்கலாம். இருவருமே வெறும் பார்வையாளர்கள் என்றால் அந்தச் சலுகை இல்லை. ஒரு நாட்டு உறவினரின் அனுபவத்தை இன்னொரு நாட்டுக்கு எடுத்துப்போகாமல் இருப்பதே நல்லது.

இனி டி.சி. பற்றி. அமெரிக்கப் பள்ளி அதைக் கேட்பதே இல்லை. மதிப்பெண் விவரம்தான் அவர்களுக்கு வேண்டும். இங்கோ அதை வாங்கிய அன்றே பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுத்தொகுப்புக்குப் பிள்ளை மாற்றப்பட்டுவிடும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை அரசுப் பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பதால் படிப்பு நின்றுவிடாது. ஆனால் மகளைப் பொறுத்தவரை இழப்பு வேறொன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டுச் சட்டமும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தருகின்றன. ஹெச்-1பி விசா வழக்கமாக ஆறு ஆண்டு வரைதான். கிரீன் கார்டு நடைமுறை நகராவிட்டால் மகள் பள்ளியை முடிக்கும் முன்பே குடும்பம் ஊர் திரும்ப வேண்டியிருக்கலாம். போகும் முடிவு எடுத்துவிட்டால் இந்தத் தகுதியை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் விசா கைக்கு வரும் முன்பே அதை விட்டுக்கொடுக்கக் காரணமில்லை. பாஸ்போர்ட்டில் ஹெச்-4 ஒட்டி வந்த பிறகு தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுங்கள், டி.சி.யை உடனே தர வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் கேட்டாலும் போதும்.

காத்திருக்கும் மாதங்களில் உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டு அட்டையில் பதிந்தவை எல்லாம் சரியாக இருந்தாலும் டெக்சாஸ் பட்டியலுக்கு அவை போதாது. நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அங்கே மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் இரண்டு தவணை கேட்பார்கள். சின்னம்மைக்கு இரண்டு தவணையும் ஹெபடைடிஸ்-ஏ இரண்டு தவணையும் வேண்டும். இவ்விரண்டும் நம் அரசுத் திட்டத்தில் இல்லாததால் தனியார் குழந்தை மருத்துவரிடம்தான் போட வேண்டியிருக்கும். ஏழாம் வகுப்பில் சேரும் மகளுக்குக் கூடுதலாக மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் ஊசி தேவை; கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால், கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிடாப் ஊசியும் வேண்டும். ஹெபடைடிஸ்-ஏ ஊசியின் இரு தவணைகளுக்கும் இடையே ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பதால் முதல் தவணையை இந்த மாதமே போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தவணையாவது போட்டு, மீதிக்கு நாள் குறித்திருந்தால் அங்கே தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மாதம், ஆண்டு மூன்றும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாதமும் ஆண்டும் மட்டும் எழுதிய பழைய அட்டையால் அங்கே மறுபடி ஊசி போட நேரிடலாம்.