வார்டை மூடினால் விசாவும் போய்விடுமா? முக்கூடல் தங்கச்சிக்கு

தங்கச்சி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் அழுகை பாதி, கேள்வி பாதி. எனக்குப் புரிந்த வரை நீ கேட்டது இதுதான். இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது, நீ வேலை பார்க்கும் வார்டை அடுத்த மாதக் கடைசியோடு மூடப்போவதாக மேட்ரன் திடீரென்று வந்து சொல்லிவிட்டார். விசா போய்விடுமா? ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானா? அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்காதே. யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல மாதிரியாகச் சொன்னாலும், ராஜினாமா என்று ஒரு வரிகூட எழுதாதே. மற்றதெல்லாம் பிறகு.

நான் ஆனித் தேருக்காக இங்கிலாந்திலிருந்து லீவில் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லி, உங்க அம்மா நேற்று முக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். நீ உன் சித்தி மகளிடம் மட்டும்தான் சொன்னாயாம். அது ஊருக்குப் போய்ச் சேரும்போது 'விசா கேன்சல் ஆயிட்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்புறாங்களாம்' என்று ஆகியிருக்கிறது. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, மடியில் தட்டு இல்லாமலே விரல்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தன. 'சங்கத்துல வச்ச நகையில பாதி திருப்பிட்டோம், மீதிக்கு நான் சுத்திக் கட்டிக்கிடுவேன், அவ சாப்பிடாம கிடக்காளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க' என்றார்கள். நீ இன்று ராத்திரி போன் போட்டு நீயே சொல். ஊரார் வாயால் கேட்பதைவிட அது மேல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீ வார்டு, வேலை, விசா, பின் நம்பர் நான்கையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறாய். ஒன்று போனால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறாய். அப்படி இல்லை. உன் பின் நம்பர், அதாவது நர்ஸ் பதிவு எண், அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி கொடுத்தது. நீ கம்ப்யூட்டர் தேர்வான சிபிடி எழுதி, செய்முறைத் தேர்வான ஆஸ்கி பாஸ் பண்ணி வாங்கியது. ஆஸ்பத்திரியே இழுத்து மூடினாலும் அது உன் பெயரில்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ரீவேலிடேஷன், அதாவது பதிவைப் புதுப்பிப்பது, செய்ய வேண்டும், அதற்கு முக்கியமாக 450 மணி நேர வேலையும் 35 மணி நேரப் படிப்பும் காட்ட வேண்டும். விசா உன் வார்டின் பெயரில் இல்லை. உனக்கு ஸ்பான்சர் செய்தது உன் ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட். அந்த டிரஸ்டுக்கு இன்னும் எத்தனையோ வார்டுகள் இருக்கின்றன. வார்டு மூடுவதும் உன் வேலை போவதும் ஒன்றல்ல. பெரும்பாலும் நடப்பது, உன்னைத் தூக்கி வேறு வார்டில் போடுவது.

எங்கள் வார்டை மூடியபோது நானும் இதையெல்லாம் பார்த்தேன். சின்ன ஊர் ஆஸ்பத்திரி, இடுப்பு ஆபரேஷன் முடிந்த வயசாளிகளை நடக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்பும் வார்டு. ராத்திரி ஷிப்டில் ஆள் போதவில்லை என்று நாங்களே மாதக்கணக்கில் டேட்டிக்ஸ், அதாவது பாதுகாப்புக் குறை அறிக்கை, எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த டேட்டிக்ஸையே காரணமாகக் காட்டி, 'பாதுகாப்பான அளவில் நர்ஸ்கள் இல்லாததால் தற்காலிகமாக மூடுகிறோம்' என்றார்கள். ஆள் கொடு என்று எழுதினால் வார்டை எடுத்துவிட்டார்கள். நிரந்தரமாக மூடுவதென்றால் ஊர் மக்களைக் கேட்க வேண்டும், கூட்டம் போட வேண்டும், எதிர்ப்பு வரும். பாதுகாப்புக் காரணத்துக்காகத் தற்காலிகம் என்றால் உடனே செய்யலாம். அந்த வார்டு பிறகு திறக்கவே இல்லை. உங்கள் மேட்ரனும் தற்காலிகம் என்று சொல்லியிருந்தால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதே.

முதலில் புது அட்மிஷனை நிறுத்துவார்கள். ஒவ்வொரு கட்டிலாகக் காலியாகும். ஷிப்டுக்கு வருகிற நர்ஸ்களை 'இன்றைக்கு மட்டும்' என்று பக்கத்து வார்டுகளுக்கு அனுப்புவார்கள். எங்கள் வார்டில் கடைசியாகக் காலியானது மருந்து அறை. மார்ஃபின், ஆக்ஸிகோடோன் வைத்த அலமாரியைத் திறந்து, பார்மசியிலிருந்து வந்தவரோடு சேர்ந்து ஒவ்வொரு ஆம்பூலாக எண்ணி, சிவப்பு அட்டை ரிஜிஸ்டரில் இருப்பு பூஜ்ஜியம் என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். அந்த ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இல்லாத பக்கமே அநேகமாக இருக்காது. அன்றைக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் நான் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு யூனிபாரத்தில் நின்றேன். சம்பளம் ஒரு பைசா குறையவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. கூட்டத்தில் ஒரு கடிதம் கொடுப்பார்கள். அதில் 'அட் ரிஸ்க்' என்று இருக்கிறதா, வெறும் இடமாற்றம் என்று இருக்கிறதா பார். 'அட் ரிஸ்க்' என்றால் உன்னை நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. உனக்கு ரீடிப்ளாய்மென்ட் (மாற்று வேலை) பட்டியலில் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். தொண்ணூறு நாளுக்குள் ஒரே இடத்தில் 20 பேர் முதல் 99 பேர் வரை ரிடண்டன்ஸி, அதாவது அந்த வேலையே இனி இல்லை என்று அனுப்பப்போகிறார்கள் என்றால், முதல் ஆளை அனுப்புவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே யூனியனோடு பேச்சைத் தொடங்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாள். 1992-ஆம் வருஷச் சட்டம் இது. பேச்சு முடியும் முன்பே 'கையெழுத்துப் போட்டுவிடு, சீக்கிரம் முடிந்துவிடும்' என்று யாராவது ஓடி வந்தால், அவர்களுக்குத்தான் அவசரம். உனக்கு இல்லை.

யூனியனில் இருக்கிறாயா என்று நீ சொல்லவில்லை. நர்ஸ்கள் சங்கமான ஆர்.சி.என் ஆனாலும் சரி, பொதுத்துறை ஊழியர் சங்கமான யூனிசன் ஆனாலும் சரி, நம் பிள்ளைகள் மாதச் சந்தாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சேராமலே இருக்கிறார்கள். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் உதவ மாட்டார்கள். சேர்ந்திருந்தால் இன்றைக்கே வார்டு பிரதிநிதியைப் பிடி. சேரவில்லை என்றால் உன்னோடு வேலை பார்க்கிற சேர்ந்தவர்களோடு ஒட்டிக்கொண்டே கூட்டத்துக்குப் போ. தனியாக எச்.ஆர் அறைக்குள் போகாதே.

ரிடண்டன்ஸி பணம் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்குத் தொடர்ந்து இரண்டு வருஷ சர்வீஸ் வேண்டும். உனக்கு வராது. அந்தக் கணக்கை மனதிலிருந்து எடுத்துவிடு. நோட்டீஸ் சம்பளமும், எடுக்காத லீவுக்கான பணமும் வரும். உன்னோடு இருக்கும் மூத்த நர்ஸ்கள் சிலர் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், பார். அவர்களுக்குச் சர்வீஸில் ஒரு வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கு. அவர்கள் பேச்சைக் கேட்டு நீயும் 'மாற்று வேலை வேண்டாம்' என்று சொல்லிவிடாதே. அவர்கள் நிலைமை வேறு, உன் நிலைமை வேறு.

மாற்று வேலை கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார். உன் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில், அதாவது சி.ஓ.எஸ்ஸில், நாலு இலக்கத்தில் ஒரு ஆக்குபேஷன் கோட், வேலை வகைக்கான எண், இருக்கும். சாதாரண வார்டு நர்ஸ் என்றால் 2237-ஆக இருக்கும். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குப் போனால் அதே கோட், விசாவைத் தொட வேண்டியதில்லை. கட்டடம் மாறினால் டிரஸ்ட், விசா பார்க்கும் உள்துறையான ஹோம் ஆபீஸுக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் பாடு. ஆனால் வீடு வீடாகப் போகும் கம்யூனிட்டி நர்ஸாகப் போட்டால் அது 2232. கோட் மாறினால் அதே டிரஸ்டாக இருந்தாலும் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வார்டு மேனேஜருக்கு இது தெரிந்திருக்காது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. எச்.ஆரில் விசா பார்க்கிறவருக்கு ஈமெயில் போடு: 'இந்த வேலைக்கு என் கோட் மாறுமா?' பதிலை எழுத்தில் வாங்கு. வராந்தாவில் நின்று சொன்ன பதில் கணக்கில் வராது.

ஒருவேளை எங்குமே இடம் இல்லை, வேலையே போய்விட்டது என்று வைத்துக்கொள். அப்போதும் மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதில்லை. டிரஸ்ட் 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். ஹோம் ஆபீஸ் உனக்குக் கடிதம் அனுப்பி, வழக்கமாக 60 நாள் தருவார்கள். உன் விசாவில் அதைவிடக் குறைவாக நாள் மிச்சம் இருந்தால் அதுவரை. அந்த நாட்களுக்குள் புது ஸ்பான்சர் கிடைத்து விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். புது இடத்துக்காரர் சி.ஓ.எஸ் கொடுத்துவிட்டார் என்பதற்காக அங்கே போய் ஷிப்டில் நிற்காதே, விசா மாறி வந்த பிறகுதான் முதல் ஷிப்ட். விண்ணப்பம் போட்டு முடிவு வருவதற்குள் ஊருக்கு வந்தாலும் வம்பு. நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். உன் அண்ணன் கல்யாணம் தை மாதம் என்று அம்மா சொன்னார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்.

2022, 2023-ல் நம் பிள்ளைகளை விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனார்கள். இப்போது அந்த வேகம் இல்லை, காலியிடங்களே குறைவு. அதனால்தான் முதலில் உன் டிரஸ்டுக்குள்ளேயே இடம் பிடி என்கிறேன். பிடித்த வார்டு, பிடிக்காத வார்டு என்று பார்க்காதே. எமர்ஜென்ஸி பக்கம் போட்டாலும் போ. பொதுவாக நாலு வாரம் பழகிப் பார்க்க விடுவார்கள். ஆறு மாதம் கழித்து மாற்றம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏஜென்சி ஷிப்டில் மணிக்குக் கூடக் கிடைக்கும் என்று தோழிகள் சொல்வார்கள். ஸ்பான்சர் வேலை இருக்கும்வரைதான் வாரம் 20 மணி நேரக் கூடுதல் வேலை. அந்த வேலை போனால் இதுவும் போயிற்று.

ஊரில் ஒரு கூட்டம் இதற்காகவே காத்திருக்கிறது. உங்க அம்மாவிடம் ஒருவர் ஏற்கெனவே பேசிவிட்டாராம், 'நாலு லட்சம் கொடுத்தால் வேற கேர் ஹோம்ல சி.ஓ.எஸ் எடுத்துத் தாரேன்' என்று. ஜங்ஷன் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கிறாராம். சி.ஓ.எஸ்ஸை விலைக்கு விற்பது சட்டவிரோதம். 2024 டிசம்பர் 31 முதல் ஸ்பான்சர் லைசன்ஸ் கட்டணத்தையும் சி.ஓ.எஸ் கட்டணத்தையும்கூடத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று அங்கே விதியே வந்துவிட்டது. இங்கேயும் பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி-யும் தாண்டி வாங்கக்கூடாது. நாலு லட்சம் கேட்கிறவன் யார் என்று நீயே யோசி. கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், நர்ஸ் வேலை என்று உண்மையாகவே வந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் அரசாங்கத்தின் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே தேடிப் பார், இணையத்தில் எல்லாரும் பார்க்கலாம். நர்ஸ் என்று சொல்லிக் கூப்பிட்டு கேரராக வைப்பார்கள், அதிலும் ஜாக்கிரதை. அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன், ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது என்று.

அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒன்று. வார்டு மூடும்போது நர்ஸ்கள் மட்டுமில்லை, மேனேஜரும் எஜுகேட்டரும் சிதறிப்போவார்கள். உன் ஐ.வி., ரத்தம் எடுப்பது, கதீட்டர், ரத்தம் ஏற்றுவது என்று எந்தெந்த காம்பிடென்ஸி (செய்யத் தெரியும் என்று சான்று தரும்) புத்தகத்தில் கையெழுத்து பாக்கி இருக்கிறதோ அதையெல்லாம் இந்த வாரமே முடித்துவிடு. புது நர்ஸ்களுக்கான பயிற்சியின் பிரிசெப்டர்ஷிப் புத்தகத்தையும் சேர்த்து. லாக்கரில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடு. என்னோடு இருந்த ஒரு பிள்ளை நன்றாக ஐ.வி. போடுவாள், கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புது வார்டில் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து காட்டச் சொன்னார்கள், அதுவரை ஒரு ஊசி போடவில்லை. மேனேஜரிடம் ரெபரன்ஸுக்குச் சம்மதமும், அவருடைய ஆபீஸ் ஈமெயில் மட்டுமில்லாமல் இனி எங்கே கிடைப்பார் என்பதையும் கேட்டு வை. சம்பளச் சீட்டுகள், டிரெயினிங் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இறக்கி வை. வேலை போன பிறகு அந்த லாகின் வேலை செய்யாது.

உன் கான்ட்ராக்டில் 'இத்தனை வருஷத்துக்குள் போனால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்' என்று ஒரு பத்தி இருக்கும். அதை எடுத்து வாசி. நீயாகப் போனால் ஒன்று, அவர்கள் அனுப்பினால் ஒன்று என்று எழுதியிருக்கும். ராஜினாமா எழுதாதே என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரண்டு மூன்று மாதம் ஊருக்குப் பணம் குறைத்து அனுப்பு. வட்டிக்கு மட்டும் அனுப்பினால் போதும், நகை சங்கத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. வீட்டு வாடகைக்குக் கையில் காசு இருக்கட்டும். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் என்றால், வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் கேட்டு வை. அம்மா இதற்கெல்லாம் சரி என்றுதான் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எதிலும் கையெழுத்துப் போடாமல், 'வாசித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று வாங்கிக்கொண்டு வா. கடிதத்தை உன் பெயரையும் பின் நம்பரையும் மறைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் அடுத்த வாரம்தான் ஊரிலிருந்து கிளம்புகிறேன். இங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டாலும் எடுப்பேன்.