கடன்பட்ட கோன்

கேள்வி: மாநில அரசிடம் பணம் இல்லையென்றால், தானே நோட்டு அடித்து ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டால் என்ன? செல்லுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இங்கே செல்லாது. நாணயம் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில், அதாவது மத்திய அரசு மட்டுமே சட்டம் போடக்கூடியவற்றில், 36-ஆவது இனம். அர்ஜென்டினாவில் சென்றது.

அங்கே 1991-லிருந்து ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். கையிருப்பு டாலரைத் தாண்டி இஷ்டத்துக்கு நோட்டு அடிக்க முடியாது. 2001-இல் கஜானா காலியானதும் புவனோஸ் ஐரிஸ் மாகாணம் ஒரு தாளை அச்சடித்து ஊழியர் கையில் கொடுத்தது. பெயர் பட்டகோன். ஏதோ பழைய வெள்ளிக்காசின் பெயராம். நம் காதில் 'கடன்பட்ட கோன்' என்றுதான் விழுகிறது. பேருக்குக் கடன்பத்திரம், ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. பழக்கத்தில் நோட்டு. அந்த டிசம்பரில் வங்கியில் போட்ட சொந்தப் பணத்தையே வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். சட்டைப்பையில் கிடந்த பட்டகோனோ வட்டி போட்டுக்கொண்டிருந்தது!

மற்ற மாகாணங்கள் சும்மா இருக்குமா? சாக்கோ மாகாணம் தன் நோட்டுக்கு 'கெப்ராச்சோ' என்று பெயர் வைத்தது. கோடாலியையே உடைக்கும் மரமாம். காகிதத்துக்கு வைக்கிற பெயரா அது!

எப்படிச் சென்றது என்கிறீர்களா? அடித்த மாகாணமே அதை வரிக்கு வாங்கிக்கொண்டது. வரி கட்டுகிற மளிகைக்கடைக்காரரும் அதனால் கை நீட்டினார். மெக்டொனால்ட்ஸ்கூட விடவில்லை. இரண்டு சீஸ் பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு குளிர்பானம், மொத்தம் ஐந்து பட்டகோன். அதற்கு 'பட்டகோம்போ' என்று பெயர்.

பார்த்தீர்களா, அங்கேயும் காம்போ! இந்தப் பக்கத்தில் எத்தனை முறை திட்டியிருப்பேன்? இரண்டு இட்லி, ஒரு வடை என்று கேட்டால் போதும் என்றிருந்த ஊர் இது. போன வாரம் சர்வர் தம்பி, "சார், இட்லி தனியா வராது, காம்போதான்" என்றார். கூடவே ஒரு கரண்டி கேசரி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, தம்பி. "அப்ப வேஸ்ட் பண்ணிடுங்க சார், ரேட் அதேதான்."

2003-இல் அர்ஜென்டினாவின் மத்திய அரசு மாகாணத் தாள்களில் பெரும்பாலானவற்றை வாங்கிக்கொண்டு பெசோ கொடுத்தது. என் கேசரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்த அரசும் முன்வரவில்லை.