மெக்கானிக்கல் வால்வின் ஓரத்தில் கசிவு: மார்பைத் திறக்காமல் அடைக்க முடியுமா?

மெக்கானிக்கல் வால்வு (உலோகச் செயற்கை வால்வு) பொருத்திய உங்கள் அம்மாவுக்கு அதன் ஓரத்தில் கசிவு, ஹீமோகுளோபினும் இறங்குகிறது, மார்பைத் திறக்காமல் அடைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியும். அவருக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளது) என்பதால், தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை ஏற்றி, இதய மேலறைகளின் இடைச்சுவரைத் துளைத்து, கசியும் இடத்தில் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பி வலையாலான அடைப்பானை வைப்பார்கள். வால்வில் கிருமித்தொற்று இருந்தாலோ, வால்வே தளர்ந்து ஆடினாலோ இது கூடாது, அறுவை சிகிச்சைதான்.

இரும்புச் சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் இறங்குவதற்குக் காரணம் அநேகமாக இந்தக் கசிவுதான். குறுகிய இடுக்கில் ரத்தம் வேகமாகப் பீறிடும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன. சிறிய கசிவும் இதைச் செய்யும்.

"எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) வால்வு நன்றாக இருக்கிறது" என்றதோடு விட்டுவிடாதீர்கள். மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் உலோக வால்வின் நிழல் இடது மேலறையை மறைத்துவிடும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் டிஇஇ எக்கோ, முடிந்தால் 3டி, கேளுங்கள். கூடவே எல்டிஹெச் (அணுக்கள் உடையும்போது வெளிவரும் நொதி), ஹாப்டோகுளோபின் (வெளிவரும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் புரதம்), ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணுக்கள்) ரத்தப் பரிசோதனைகள். எல்டிஹெச் ஏறி, ஹாப்டோகுளோபின் மிகக் குறைந்திருந்தால் அணுக்கள் உடைவது ஏறக்குறைய உறுதி. காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: அடைத்தபின் சிறு இடுக்கு மிஞ்சினால் அணுச்சிதைவு கூடவும் கூடும். அடைப்பான் வால்வின் இதழைத் தடுக்கிறதா என்பதை, அதை விடுவிக்கும் முன்பே பார்ப்பார்கள். தடுத்தால் திரும்ப எடுத்துவிடலாம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.